பவுடர் பூசிய என்ஜின்

"கேஸ்கெட் மாத்தியாச்சு, சீலும் மாத்தியாச்சு. இன்னுமா ஒழுகுது?" பழைய பவர் டில்லரின் அடியில் கிடந்த ஆயிலைப் பார்த்துப் புலம்பினான் கூத்தையா.

"பழகுன வண்டில்ல, உங்களை விட்டுப் போக மனசில்ல போல" என்று சிரித்தாள் அவன் மனைவி பூமயில்.

ஒழுகல் நின்றால் வாங்கிக்கொள்வதாகப் பெரியபட்டினம் சதக் பாய் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில்தான் சவுதி விசா. கூத்தையாவின் கனவில் தினமும் ஒரு விமானம் மெல்ல மிதந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், கீழே மிளகாய்க் காட்டில் பூமயில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிவாள்.

அன்று சாயங்காலம் என்ஜினைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் தூவி, சற்று நேரம் ஓட்டி நிறுத்தினான். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஒழுகல்.

விடிந்ததும் பார்த்தான். தரையில் புதிதாக ஆயில் கிடந்தது. பவுடரோ துளியும் நனையவில்லை. ஓரத்தில் மட்டும் ஏதோ உரசிய தடம்.

"காப்பி குடிங்க." பூமயில் டம்ளரை நீட்டினாள். அவள் வளையல்களில் பவுடரும் ஆயிலும் குழைந்திருந்தன.

அவன் அந்தக் கையையே பார்த்தான். அவள் தலை குனிந்தாள்.

வாசலில் சதக் பாயின் குரல் கேட்டது. "ஏம்ப்பா, ஒழுகல் நின்னுச்சா?"

"இல்ல பாய்" என்றான் கூத்தையா, அவள் வளையல்களைத் தன் துண்டால் துடைத்தபடியே. "இது நிக்காது. நீங்க வேற வண்டி பாத்துக்கங்க."