நாரை போட்ட மதிப்பெண்

குளக்கரைக் குறும்படப் போட்டிக்கு நாரைதான் நடுவர். நண்டு எடுத்திருந்த ஐந்து நிமிடப் படத்தில், வற்றிப்போன குளத்தை விட்டு ஒரு தாய் நண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தண்ணீர் தேடிப் போனது. பார்த்த நாரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், முதல் படத்துக்கே அள்ளிக் கொடுத்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்து, "பத்துக்கு இரண்டு. காமிரா பக்கவாட்டிலேயே ஓடுகிறது" என்றது.

அடுத்த படத்துக்குத் தாராளமாகப் போடலாம் என்று ஆண்டு முழுக்கக் காத்திருந்தது. படம் வரவில்லை. நண்டின் வளைக்கே தேடிப் போனது.

"விட்டுட்டேங்க ஐயா. எனக்கு நேரா நடக்க வராதுங்களே" என்றது நண்டு.

"உன் படத்தைப் பார்த்து நான் அழுதேனப்பா."

"அப்படிங்களா" என்றது நண்டு. அதன் காமிராவுக்குள் சேறு ஏறி நாளாகியிருந்தது.