தடுத்து வைத்த பெயர்

சபாபதி சம்மதித்தால்தான் ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்குக் கல்லீரல் மாற்றுவார்கள். சம்மதப் பக்கமோ வீட்டுச் சுவர்த் திரையில் திறக்கவே மாட்டேன் என்றது.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றத அனுமதிச்சாச்சு மாமா. வீட்டோட கம்ப்யூட்டரையே ரெண்டு தடவ அணைச்சுப் போட்டுட்டேன்,” என்றாள் மருமகள் தாமரை. “நீங்க தடுத்து வச்ச பேரு ஏதோ அந்தப் பக்கத்துல இருக்கு. தடை இருந்தா அனுமதி செல்லாது.”

 தனக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட மகளின் பெயர் இந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது என்று கட்டளையிட்டவர் சபாபதிதானே! கல்லீரல் கொடுப்பது அவளா?

“தடையை நீக்க, தடுத்தவரே பெயரைச் சொல்ல வேண்டும்,” என்றது வீடு.

“சொல்லுங்க மாமா, அத்தைக்கு நேரமில்ல!”

“செங்கமலம்,” என்றார்.

பக்கம் திறக்குமுன்னே, காலையிலிருந்து வீடு தடுத்து வைத்திருந்த குரல் செய்தி ஒலித்தது: “அப்பா, ஆபரேஷனுக்குப் படுத்துட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கப்பா.”