கைதட்டக் கூடாத இடம்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பியானோ இருந்துச்சாம். ஊர் ஆம்பூர். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அந்தப் பியானோ, மிஷன் பள்ளிக்கூட ஹாலில் இருந்தது. அதைத் தொடவே பயந்த பெண்ணின் பெயர் எப்சி.

பயத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் இதே மேடையில் பாதி வாசிக்கும்போது மறந்துபோய், எழுந்து ஓடிவிட்டாள்.

"இந்த வாட்டியும் நடுவுல நின்னா, மியூசிக் டீச்சர் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்," என்று கரஸ்பாண்டன்ட் தேவகிருபை அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். "தனி ஆளா ஒரு மணி நேரம். நோட்டைப் பாக்காம வாசிக்கணும்."

கச்சேரி அன்று, முதல் இரண்டும் இந்தக் காலத்தில் எழுதின உருப்படிகள். அதில் தப்பு விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. சரியாக வாசித்தாலே தப்பு மாதிரிதான் கேட்கும். எப்சி தாண்டிவிட்டாள்.

மூன்றாவதுதான் கண்டம். ரொம்பப் பழைய மெட்டு. தோல் ஏற்றி வரும் லாரி ரிவர்ஸ் எடுத்தால் ஹார்ன் இதைத்தான் பாடும். ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆரம்பித்ததுமே ஒரு குரல். "டேய், தள்ளிக்கடா. வண்டி பின்னால வருது."

சிரிப்பு. எப்சி நிறுத்தாமல் வாசித்தாள். ஹார்னில் வரும் பகுதி முடிந்தது. இனிமேல்தான் இடது கை ஓடவேண்டிய இடம். வருது, வருது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வந்தது. ஒன்றுமே ஞாபகம் இல்லை.

கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் தேவகிருபை அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொள்வது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அந்த நொடியில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து பலமாகக் கைதட்டினார்.

காக்கிச் சட்டை. பேரணாம்பட்டு லாரி டிரைவர் ஆபித் பாஷா. வாசலில் கச்சேரி போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர். தோல் வாடை அடிக்கிறதென்று கடைசியில் உட்காரவைத்திருந்தார்கள். அவரைப் பார்த்து நாலு பேர் தட்ட, ஹாலே தட்டியது.

தேவகிருபை அம்மா எழுந்துவிட்டார்.

"யாருங்க அது, பாட்டு முடியறதுக்குள்ள தட்டறது? பாவம், பொண்ணு பயந்து நின்னுட்டா பாருங்க. தெரியலன்னா சும்மா ஒக்காரணும்."

"லாரிக்காரர்தானே மேடம்," என்றார் பக்கத்திலிருந்தவர். "ஹார்ன் நின்னா வண்டி நின்னுடுச்சுன்னு நெனச்சிட்டாரு."

மறுபடி சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்கம்மா. தெரியாம தட்டிட்டேன்." ஆபித் பாஷா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

தான் நின்ற பிறகுதான் கைதட்டல் வந்தது என்று எப்சிக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போச்சு.

"நீ முதல்லேர்ந்து வாசிம்மா," என்றார் தேவகிருபை அம்மா.

வாசித்தாள். இந்த முறை இடது கை அந்த இடத்தைத் தானாகவே தாண்டிப் போனது. மீதி உருப்படிகளும் முடிந்தன.

"திங்கக்கிழமை வந்து வேலைல சேந்துடு," என்றார் தேவகிருபை அம்மா.

எப்சி வெளியே ஓடினாள். ஆபித் பாஷா கேட்டுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு நிமிஷம். தப்பு பண்ணது நான், திட்டு வாங்குனது நீங்க. அப்பவே சொல்லியிருக்கணும், பயமா இருந்துச்சு. நீங்க தெரியாம தட்டினதாலதான் நான்..."

"மூணாவது பக்கம்," என்றார் அவர்.

"இன்னா பாய்?"

"எடது கை ஓடற எடம், மூணாவது பக்கத்துலதானே வரும்? எங்கப்பா இங்க மிஷன் பங்களாவுல சமையல். அங்க இருந்த வெள்ளைக்காரம்மா இதே பியானோல, இதே பாட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

எப்சி அவர் கையைப் பார்த்தாள்.

"என் கையும் அங்கதாம்மா நிக்கும்," என்று சொல்லிவிட்டு, லாரியைப் பார்த்து நடந்தார் ஆபித் பாஷா.