கொக்கின் நிறம்

ஜான்சன் ஞாயிறுதோறும் ஆம்பூரை அடுத்த ஏரிக்குச் சென்று பறவைகளைப் படம் எடுப்பார். மாலையில் கணினியில் அவற்றின் நிறத்தையும் ஒளியையும் திருத்துவார்.

"கொக்குக்குப் பவுடர் பூசி முடிச்சாச்சா?" என்று மனைவி பிரிசில்லா கேலி செய்வாள். அப்படித் திருத்திய ஒரு கொக்குப் படத்துக்கே மாவட்டப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது.

மறுவாரம், ஏரிப் பாசன விவசாயி கோதண்டராமன், அப்படம் வெளியான நாளிதழுடன் ஜான்சனைத் தேடி வந்தார்.

"இது நீங்க எடுத்ததா சார்?"

"ஆமாங்க. நல்லா வந்திருக்குதுல்ல?"

"ஜாஸ்தி நல்லா வந்துட்டுது சார். தோல் பதனிடுற டேனரிக் கழிவு ஏரியில கலக்குதுன்னு மனு குடுத்தோம். அதிகாரி இந்தப் படத்தைத்தான் காட்டுனாரு. 'கொக்கு பால் மாதிரி நிக்குது, தண்ணி நீலமா இருக்குது, இதுல இன்னா கழிவு?'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

ஜான்சனால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. படம் எடுத்த அன்று ஏரித் தண்ணீர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. கொக்கின் வயிறு வரை அதே கறை ஏறியிருந்தது. பரிசுக்கு அழகாயிராது என்று எண்ணி, கொக்கை வெள்ளையாகவும் தண்ணீரை நீலமாகவும் அவரே கணினியில் மாற்றியிருந்தார்.

"தப்பு என்னுதுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "திருத்தாத படம் என்கிட்ட இருக்குது. நாளைக்குக் காலையில அதை எடுத்துக்கிட்டு உங்களோட அந்த ஆபீஸுக்கு வர்றேன்."