கைக்குட்டை தூக்கினால்தான்

"தேதி போடாத லெட்டர் லெட்டரே இல்ல. இன்னிக்குப் பதினொண்ணாந் தேதி. போட்டு எட்த்துக்கினு வா, போ."

டிரில் மாஸ்டர் சுப்பராயன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சாராளின் முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் பொன்னேரிப் பள்ளிக்கூடத்து பாண்டில் பெரிய டிரம் அடிக்கிறவள் அவள். மறுநாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு புது ஆணி ஃபாக்டரி திறப்பு விழா. பாண்டு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று பெற்றவர்கள் எழுதித் தர வேண்டும். சாராளின் அம்மா விக்டோரியா வைத்ததோ கைநாட்டு. தேதிக்கு அந்த அம்மாள் எங்கே போவாள்?

"பாவம் சார், விடுங்களேன்" என்றேன். நான் தையல் டீச்சர். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக என்னையும் போகச் சொல்லியிருந்தார்கள்.

"ரூல்னா ரூல்தான் டீச்சர்."

கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஃபாக்டரி லாரியில் கிளம்பினோம். இருபது பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, நீலத் தொப்பி. ஒரே பாட்டு, கூத்து. கவரைப்பேட்டை லெவல் கிராசிங்கில் லாரி நின்றபோது வரதன் சும்மா இருக்காமல் பியூகிளை எடுத்து ஊத, போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் கார்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. நான் வாசல்ல நிப்பேன். வெள்ளைக் கைக்குட்டையைத் தலைக்கு மேல தூக்கினாத்தான் வாசிக்கணும். விசில் ஊதினாத்தான் நிறுத்தணும். நடுவுல யார் இன்னா கத்தினாலும் காதுல வாங்காதீங்க."

ஃபாக்டரியில் இறங்கியதும் சாராள் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவளைவிட டிரம்தான் பெரிசு.

"சார், எங்கம்மா இங்கதான் சார் சித்தாள் வேலை செய்யுது. பத்து மணிக்கெல்லாம் எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்களாம். நான் டிரம் அடிச்சி அது பார்த்ததே இல்ல சார். ஒரே ஒரு தபா வாசிச்சிக் காட்டட்டுமா?"

"இன்னா, உங்க ஊட்டுக் கல்யாணமா இது? லைன்ல போய் நில்லு."

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒத்திகைன்னு சொல்லி ஒரு தடவை வாசிச்சா என்ன சார் குறைஞ்சிடும்?"

"நேத்தே வந்து மேனேஜர்கிட்டப் பேசிட்டேன் டீச்சர். சீஃப் கெஸ்ட் பத்தரைக்கு வர்றார். அவருக்கு மட்டும்தான் பாண்டு. கட்டடம் கட்டினவங்க அழுக்குத் துணியோட அவர் கண்ணுல படக் கூடாதாம். நீங்க வேற எனக்கு மெமோ வாங்கித் தராதீங்க."

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். சிமெண்டுக் கறைப் புடவை, கையில் கூடை, மண்வெட்டி. பாண்டுக்கு எதிரே ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். விக்டோரியா மட்டும் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அப்போது வாசலில் வெள்ளைக் கைக்குட்டை உயர்ந்தது.

சாராள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டம் என்று விழுந்தது முதல் அடி. பியூகிள், புல்லாங்குழல், சின்ன டிரம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

பின்னால் பெரிய மனுஷர் கார் வருகிறதாக்கும் என்று அந்த ஜனங்கள் பதறி இன்னும் ஒதுங்கினார்கள். பின்னால் யாருமில்லை. புரிந்ததும் ஒருத்தி முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு நடுவழியில் நிமிர்ந்து நடந்தாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் வரிசை கட்டினார்கள். விக்டோரியா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேனேஜர் ஸம்பத்குமார் ஓடி வந்து, நிறுத்து நிறுத்து என்று கத்தினார். பிள்ளைகள் காதிலேயே வாங்கவில்லை. மாஸ்டரோ விசிலைக் காணோம் என்று நாலு பாக்கெட்டையும் தடவுகிறார். அது அவர் கழுத்தில் தொங்குகிறது. கண்டுபிடித்து ஊதுவதற்குள் முழுப் பாட்டும் முடிந்தேவிட்டது.

"மன்னிக்கணும் சார். வேர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். பசங்க தப்பாப் புரிஞ்சிக்கினாங்க."

"இப்பவே உங்க ஹெட்மாஸ்டருக்கு போன் பண்றேன். எழுத்துமூலமா விளக்கம் வேணும்."

சீஃப் கெஸ்ட் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்ட கார், பிள்ளைகள் நாலு அடி அடிப்பதற்குள் விர்ரென்று உள்ளே போய்விட்டது.

திரும்பும்போது லாரியில் ஆளுக்கொரு லட்டு. சாராள் தன்னுடையதை அம்மாவுக்கென்று தொப்பிக்குள் வைத்திருந்தாள்.

"சார், எங்கம்மா கை தட்டுச்சு சார்."

"பார்த்தேன். உக்காரு, லாரி ஆடுது."

எனக்கு ஆறவில்லை. காலையில் கல்நெஞ்சம், மத்தியானம் கவனக்குறைவு. இந்த மனுஷனிடம் ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா?

"அந்தப் பொண்ணுக்கு ஏதோ நல்ல நேரம் சார். ஆனா உங்க அஜாக்கிரதையால ஸ்கூல் பேரு கெட்டுதே" என்றேன்.

"கரெக்ட்தான் டீச்சர்" என்று சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "நாளைக்கு நான் மீட்டிங்குக்குத் திருவள்ளூர் போறேன். ஹெட்மாஸ்டர்கிட்ட இதைக் கொடுத்துடுங்க. விளக்கக் கடிதம்."

காலையிலிருந்து என் கண் முன்னாலேயே இருந்தவர் இதை எப்போது எழுதினார்? பிரித்தேன். ஆடுகிற லாரியில் எழுதின எழுத்தாக இல்லை, முத்து முத்தாக இருந்தது.

'முகம் துடைக்க நான் கைக்குட்டை எடுத்ததை, வாசிக்கச் சொல்லும் சைகை என்று மாணவர்கள் எண்ணிவிட்டனர். தவறு முழுவதும் என்னுடையது. பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம்.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, வழக்கம்போல மறக்காமல் தேதி போட்டிருந்தார்.

11-9-1972. நேற்றைய தேதி.