வீட்டுக்கு ஒரு நாக்கு

இப்போதெல்லாம் குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரு டிக்கெட் போதும். போகிறவர் நாக்கில் ருசி கடத்தும் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டால், அவர் அங்கே சாப்பிடுவது இங்கே பட்டை ஒட்டியிருக்கும் எல்லோருக்கும் ருசிக்கும்.

பினாங்குக்கு யாரை அனுப்புவது என்பதில் திருச்சி மாசிலாமணி வீட்டில் சண்டையே வரவில்லை. லக்சா நூடுல்ஸ், நாசி கண்டார் குழம்புச் சோறு, தைப்பூசத் தேருக்குப் பின்னால் தண்ணீர்ப்பந்தல் மோர் என்று மகள் நிறைமதி போட்ட பட்டியலுக்கு அப்பாதான் சரியான ஆள். இருபத்திரண்டு வருடமாக அம்மாவின் சமையலை வேளை தவறாமல் பாராட்டும் நாக்கு அது.

ஒத்திகைக்கு மூவரும் பட்டை ஒட்டிக்கொண்டார்கள். மாசிலாமணி ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பிரமாதம்" என்றார்.

நிறைமதி திருதிருவென விழித்தாள். "அம்மா, உனக்கு ஏதாவது தெரியுதா?"

"சூடு தெரியுது" என்றாள் செண்பகம். "வேற ஒண்ணும் தெரியல."

அடுத்து எலுமிச்சை ஊறுகாயை வாயில் போட்டார். அது அம்மா, மகள் இருவர் நாக்கிலும் ஈரத்துணி மாதிரி இருந்தது.

செண்பகம் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை வருஷம் எத வச்சு நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"உன்ன வச்சுத்தான்" என்றார் மாசிலாமணி தயங்கித் தயங்கி. "நல்லா வந்திருந்தா பரிமாறிட்டு இங்கயே நிப்ப. இல்லன்னா உள்ள போயிடுவ."

செண்பகம் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றபடி மகளிடம் சொன்னாள்.

"ரெண்டு டிக்கெட்டா போடு. நான் சாப்பிடுறேன். நல்லாருக்குன்னு சொல்ல எதிர்ல இவர் வேணும்ல."