புதுச் செய்தி

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே பிற்பகல் வெயில் கிழவரின் மஞ்சள் பூத்த கண்களில் விழுகிறது. முப்பது வருடக் குடி அவர் ஞாபகத்தை அரித்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் தங்குவதில்லை. "உங்கம்மா எங்கடா?" என்கிறார். ஆரஞ்சு உரிக்கும் மகன் தலை நிமிராமல், "செத்துட்டாங்கப்பா," என்கிறான். இன்று இது ஐந்தாவது முறை. கிழவருக்கோ புதுச் செய்தி. மார்பில் அடித்துக்கொண்டு கதறுகிறார். கட்டிலின் இரும்புக் கம்பி அதிர்கிறது. "கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்று நர்ஸ் சீறுகிறாள். "அம்மாவை எடுத்த அன்னைக்கு போதையில வாசல்ல கிடந்தாரு சிஸ்டர். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல," என்கிறான் மகன். அழுகை மெல்ல ஓய்கிறது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரஞ்சைப் பார்க்கிறார். "உங்கம்மாவுக்கு ரெண்டு சுளை எடுத்து வைடா. எங்க அவ?" மகன் அவர் முகம் நன்றாகத் தெரியும்படி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறான்.